பிடிக்க ஆள் வேண்டாத பெட்டி

இஞ்ஞாசியின் ஜன்னல் பட்டறை நாகல் நகரில் இருக்கிறது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினாறு வருடம் கூட வேலை செய்த பேச்சிமுத்துதான் அவருக்குப் பேச்சுத்துணையும்.

ஜன்னல் கோக்க, ஒரு சட்டத்தின் முனையை நாக்குப் போல அறுத்து இன்னொரு சட்டத்தின் துளைக்குள் இறக்க வேண்டும். அந்த நாக்கைக் கழுந்து என்பார்கள். சட்டத்தை டேபிள் ரம்பத்தில் செங்குத்தாக நிறுத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, எதிர்ப்பக்கத்தில் பேச்சிமுத்து "ம்" என்றதும் தள்ளுவது அவர்கள் வழக்கம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மதியம், மரத்தின் கணுவில் பிளேடு இடறியது. சட்டம் துள்ளிச் சாய்ந்தது. பேச்சிமுத்துவின் இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி கருப்பம்மாள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீகண்ணே."

இஞ்ஞாசி போகவில்லை. அவர்கள் ஆத்தூருக்குக் குடிபோனதைக்கூட மரக்கடையில் யாரோ சொல்லித்தான் அறிந்தார். வேறு ஆள் வைக்கவில்லை. கழுந்துகளைக் கைரம்பத்தால் அறுத்தார். டீக்கடையில் டீ கேட்பதைத் தவிர வாய் திறக்காத நாட்களும் உண்டு.

போன தையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது ஜன்னல் கேட்டார்கள். கையால் ஆகாது. இரண்டு நாள் ரம்பத்தின் முன் நின்று யோசித்தார். பிறகு, ரம்ப மேஜையின் நீளத் தடுப்பின்மேல் சேணம் போல உட்கார்ந்து முன்னும் பின்னும் வழுக்கும் பெட்டி ஒன்றைப் பிளைவுட்டில் செய்தார். சட்டத்தை அதில் நிறுத்தி, பின்னால் முட்டுக் கொடுத்து, கிளாம்பால் இறுக்கினார். கை வைக்க வேண்டியது பெட்டியின் பின்புறம்தான்; பிளேடு ஒரு முழம் தள்ளியிருந்தது. தள்ளினார். சட்டம் அசையவில்லை. கழுந்து சுத்தமாக வந்தது.

செய்து முடிக்க அரை நாள்கூட ஆகவில்லை. அதை நினைத்ததும் ரம்பத்தை நிறுத்திவிட்டு அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஆத்தூருக்கு பஸ் ஏறினார். கருப்பம்மாள் அவரைப் பார்த்ததும் நாற்காலியை எடுத்துப் போட்டாள். பேச்சிமுத்து பெட்டியை மடியில் வைத்து, மிச்சமிருந்த விரல்களால் கிளாம்பைத் திருகிப் பார்த்தார்.

"பிடிக்க ஆளே வேணாம் போலயே."

"இத அப்பவே செஞ்சிருக்கணும்ப்பா."

பேச்சிமுத்து பெட்டியைச் சாக்கின் மேல் இறக்கி வைத்தார். "ரெண்டு பேருக்கும்தான் தோணல. ஒன்னைய மட்டும் சொல்லி என்ன?"

பட்டறைக்கு வரச்சொல்லி இஞ்ஞாசி கேட்டார். அந்த ரம்பச் சத்தமே இனி ஆகாது, தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலையே போதும் என்றுவிட்டார் பேச்சிமுத்து. ஆனால் சாப்பிடாமல் விடவில்லை. கருப்பம்மாள் கத்திரிக்காய் வெஞ்சனம் இரண்டாம் முறையும் வைத்தாள்.

மாசிக்குள் நாற்பது ஜன்னலும் போய்ச் சேர்ந்தன. இப்போது மாதம் ஒரு ஞாயிறு இஞ்ஞாசி ஆத்தூர் போகிறார். மற்ற நாட்களில், சட்டத்தை இறுக்கியதும் எதிர்ப்பக்கத்திலிருந்து "ம்" என்று ஒரு குரல் வருமென்று ஒரு கணம் நிற்கிறார். பிறகு தள்ளுகிறார்.