அது என் கேபிள் இல்லை

இரண்டு வருஷங்களுக்கு முன்பு, பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய நேரம். ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறவர். தக்காளித் தோட்டம் முழுக்க என் பொறுப்பு. காய் பிடிக்கிற சமயம் பார்த்து, ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து போர்வெல் வரைக்கும் போகிற மோட்டார் கேபிளை எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான். உள்ளே இருக்கும் செம்புக்காகத்தான். தண்ணீர் இல்லாமல் செடிகள் தலை தொங்கியதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தேன்.

மறுநாளே ஊர்க்காரர்கள் ஓர் ஆளைப் பிடித்துவிட்டார்கள். பழைய இரும்பு வாங்க மொபெட்டில் வருகிறவர். கர்நாடகா பக்கத்து ஆள், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். அவருடைய சாக்கில் ஒரு சுருள் கேபிள் இருந்தது. அது போதாதா? கோயில் வேப்பமரத்தில் கட்டிவைத்து ஆளாளுக்குக் கை வைத்தார்கள். பிறகு போலீஸ் வந்து கூட்டிப்போனது. அடுத்த நாள் காலையில் என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். ஊரிலிருந்து நாலைந்து பேர் துணைக்கு வந்தார்கள்.

ஸ்டேஷன் வாசலில், மனித உரிமை அமைப்பு என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர். ஓசூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்த ஒரு வக்கீலம்மா, கூட ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர். பிடித்து வந்த ஆளை டாக்டரிடம் காட்டினீர்களா, ஏன் இன்னும் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"திருடனுக்குன்னா மட்டும் ஓடியாறீங்களே, என் தக்காளி காயுதே, அதுக்கு ஒரு உரிமையும் கெடையாதா?" என்று கத்தினேன்.

வக்கீலம்மா கோபப்படவில்லை. "நீங்க கேக்குறது நியாயந்தாங்கக்கா. உங்க கேபிள எங்களால கண்டுபுடிச்சுத் தர முடியாது. ஆனா, எடுத்தது இவர்தானான்னு தெரியணும் இல்ல?" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த ஆள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். உதடு வீங்கி, ஒரு கண் திறக்கவே இல்லை. மேசைமேல் கேபிள். "உன்னுதுதானே? பார்த்துச் சொல்லிட்டுப் போம்மா" என்றார் அதிகாரி.

கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். அதற்கு முந்தின வருஷமும் என் கேபிளைத் துண்டு துண்டாக அறுத்துப் போட்டிருந்தார்கள். கிடைத்த துண்டுகளை ஒட்டுப் போட்டு, எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற மாதிரி சைக்கிள் ட்யூபைக் கிழித்து ஒவ்வொரு ஒட்டின்மேலும் நானேதான் இறுக்கிச் சுற்றியிருந்தேன். இந்தச் சுருளோ ஒட்டே இல்லாமல் ஒரே நீளமாக இருந்தது.

"இது என்னுது இல்லைங்க சார்" என்றேன்.

கூட வந்த பங்காளி ஒருவர் காதைக் கடித்தார். "ஆமான்னு சொல்லிட்டுப் போயேன். உனக்கும் ஒரு கேபிள் ஆச்சு, ஊருக்கும் ஒரு திருடன் ஒழிஞ்சான். என்னாத்துக்கு வம்பு?"

ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். அதைக் கொண்டுபோய் மாட்டினால் தோட்டத்தில் தண்ணீர் பாயும். ஆனால் அந்த ஆளின் திறந்திருந்த ஒற்றைக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் சத்தமாக, "இல்லைன்னா இல்லைதான் சார்" என்றேன்.

அதிகாரியின் முகம் மாறியது. "அப்போ பொய்ப் புகாரா? உன் மேலயே கேஸ் போடுறேன். உக்காரு அங்க!"

அவ்வளவுதான், துணைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். பங்காளிதான் முதலில். அவர் காட்டிய பெஞ்சில் உட்கார்ந்தேன், வாய் மட்டும் அடங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, "வக்கீலம்மா, கொஞ்சம் உள்ள வாங்க!" என்று கூப்பிட்டேன்.

சற்றுமுன் வாய்க்கு வந்தபடி பேசினவள்தானே என்று அவர் நினைக்கவில்லை. நேராக வந்து பெஞ்சில் என்னை ஒட்டி உட்கார்ந்தார். "அடையாளம் சொல்ல வந்தவங்கள என்னாத்துக்கு சார் மெரட்டுறீங்க?" என்று அதிகாரியைக் கேட்டார். என்னிடம், "சொன்னதையே சொல்லுங்கக்கா, மாத்தாதீங்க" என்றார். மாற்றுவேனா?

அஞ்செட்டிப் பக்கம் போர் வற்றிப்போன ஒரு விவசாயியிடம் விலைக்கு வாங்கிய கேபிளாம் அது. முதல் அடி விழும்போதே அந்த ஆள் சொல்லியிருக்கிறார், யார் காதில் வாங்கினார்கள்? வாத்தியார் அந்த விவசாயியைப் போனில் பிடித்து அதிகாரியிடமே பேச வைத்தார். மதியத்துக்குள் அந்த ஆளை விட்டுவிட்டார்கள். மொபெட்டின் ஹேண்டில்பாரைப் பிடிக்கக்கூட அவர் கைக்கு வலு இல்லை. வாத்தியார்தான் தள்ளிக்கொண்டு போனார்.

என் கேபிள் கிடைக்கவே இல்லை. தக்காளி முக்கால்வாசி காய்ந்துபோனது. ‘திருடனுக்குப் பரிஞ்சு பேசினவ’ என்ற பட்டம்தான் மிச்சம். அந்த வருஷத் திருவிழாவில், அதே வேப்பமரத்தைத் தாண்டி, முதல் வரிசையில்தான் மாவிளக்கு எடுத்துப்போனேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டுமே!

இந்த மாதிரி அமைப்புகளால் நாட்டுக்கே கேடு என்று எங்கள் ஊர் டீக்கடையில் இன்றும் பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்களில் ஒரே ஒருவராவது அன்றைக்கு அந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், நானும் ஆமாம் போட்டிருப்பேன்.