வாய் வடியாத நாய்

வெள்ளிக்கிழமை மத்தியானச் சோற்றின்போது, முதலாளிக்கு ஒரு நாய் வேண்டும் என்றான் மகன். அது நம் வீட்டில்தான் வளரும் என்று சேர்த்துச் சொன்னான். நான் பாதிச் சோற்றில் கை கழுவ எழுந்தேன்.

மகனுக்கு இங்கே, அமீரகத்து ராஸ் அல் கைமாவில், மலை உடைக்கிற கம்பெனியில் வேலை. அவனுடைய அர்பாப், அந்த அரபு முதலாளி, ஒவ்வொரு குளிர்காலமும் பனி கொட்டுகிற ஏதோ மலைநாட்டுக்குக் கௌதாரியும் காட்டு வாத்தும் சுடப் போவார். துணைக்கு இவனையும் கூட்டிப்போவார். பறவை பதுங்கியிருக்கிற இடத்தை மோந்து காட்டவும், சுட்டு விழுந்ததைக் கவ்விக்கொண்டு வரவும் அவருக்குச் சொந்தமாக ஒரு நாய் வேண்டுமாம். அவர் மனைவி வீட்டுக்குள் நாயை விடமாட்டாள். அதனால், "குளிர்காலத்தில் எனக்கு வேட்டைக்கு, மற்ற நாளில் உன் மகளுக்கு விளையாட்டுக்கு. நீயே நல்ல இனமாகப் பார்" என்று சொல்லிவிட்டாராம்.

எங்கள் மத்ஹபில், நாங்கள் பின்பற்றுகிற மார்க்கச் சட்ட வழியில், நாயின் எச்சில் பட்டால் நஜீஸ், அசுத்தம். பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால். அதுவரை தொழ முடியாது. வீடு முழுக்க நாய் திரிந்தால் நான் எங்கே முஸல்லா விரித்துத் தொழுவது? ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். என் வீட்டுக்காரர் மௌத்தாகிப் போன பிறகு ஊர்வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்த வீட்டில் ஒற்றையாக இருக்க எனக்குப் பயம். இதை வாய்விட்டுச் சொல்ல அதைவிடப் பயம். மகன் சாப்பிடுவது அந்த அர்பாப் போடுகிற சோறு. நான் என்ன சொல்ல?

பிறகு தினமும் போனில் நாய்ப் படம்தான்.

"இது பாயிண்டர். குட்டை முடி. பனியில நடுங்கும்" என்பான் மகன்.

"நீள முடி வேணாம். இங்க வெயில்ல செத்துரும். முடியெல்லாம் நான்தான் பெருக்கணும்" என்பாள் மருமகள்.

"அப்ப இந்தக் கம்பிமுடிதான். தாடி பாரு, நம்ம பள்ளிவாசல் அசரத்து மாதிரியே இருக்கு."

"தோபா சொல்லுங்க! புள்ளைய கடிக்காதா?"

"குடும்பத்துல ஒட்டிக்குமாம்."

அவர்கள் முடியைப் பார்த்தார்கள், குணத்தைப் பார்த்தார்கள். நான் தள்ளி உட்கார்ந்து வாயை மட்டும் பார்த்தேன். தாடி நாய் ஒரு படத்தில் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்து நின்றது. தாடியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அஸர் தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதேன் என்று எனக்கே குழம்பிவிட்டது.

அடுத்த வாரம், எங்களோடு பழகுமா என்று பார்க்க, தெரிந்தவர் ஒருவருடைய தாடி நாயை அர்பாபே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான் சமையற்கட்டு வாசலில் முக்காட்டை இழுத்துக்கொண்டு நின்றேன். பேத்தி முற்றத்தில் வாளியில் தண்ணீர் வைத்தாள். நாய் மடமடவென்று குடித்தது. அத்தனை பேர் இருக்க, நேராக என்னிடம் வந்து, ஈரத் தாடியை என் கையில் வைத்துத் தேய்த்தது.

"வாப்பும்மா, ஹீ லைக்ஸ் யூ!" என்று பேத்தி குதித்தாள்.

குளியலறைக்குப் போனேன். பிறகுதான் மண் ஞாபகம் வந்தது. சுற்றிலும் பாலைவனம், வீட்டிலோ ஒரு பிடி மண் இல்லை. முற்றம் முழுக்கக் கல் பதித்திருந்தது. கறிவேப்பிலைத் தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி, கரைத்து, கையையும் புடவை முந்தியையும் கழுவிக்கொண்டிருந்தேன். மருமகள் வந்து பார்த்தாள்.

"மாமி, எந்த மண்ணு இது?"

"தொட்டி மண்ணுதான்."

"அல்லாவே! போன வாரந்தானே அதுல ஆட்டுப் புழுக்கை போட்டேன்!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு நஜீஸை இன்னொரு நஜீஸால் கழுவியிருக்கிறேன். மருமகள் சிரிப்பை அடக்கமுடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். மகன் வெளியே ஓடி, தெரு முனையிலிருந்து ஒரு பை நிறைய மணல் அள்ளிவந்தான். முதலிலிருந்து மறுபடியும் கழுவினேன்.

வெளியே அர்பாப் என்னவென்று கேட்டார். மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "எங்கள் மத்ஹபில் நாய் சுத்தம்தான், மாஃபி முஷ்கில், ஒன்றும் பிரச்சினையில்லை" என்று அவர் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "யா ஹஜ்ஜா" என்றார். நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. வயதான பெண்களை இவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"உங்களுக்கு எந்த நாய் சரின்னு கேக்குறாக உம்மா" என்றான் மகன்.

நான் கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன். நாயே வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். வந்தது வேறு.

"வாய் வடியாததா பாக்கச் சொல்லு. வாசப்படி தாண்டக் கூடாது."

அவன் மாற்றிச் சொன்னான். அர்பாப் தொடையில் தட்டிச் சிரித்தார். "கலாஸ், முடிந்தது! குட்டை முடியே வாங்கு. குளிருக்குக் கோட்டு கிடைக்கும், வாய்க்கு எங்கே கிடைக்கும்?"

அப்படித்தான் அந்தப் பாயிண்டர் வந்தது. முற்றத்து மூலையில் அதற்கென்று ஒரு அறை, அதில் ஏசி. உள்ளே வருவதில்லை. நான் ஊருக்கும் போகவில்லை. ஆனாலும் மணல் பையைக் குளியலறையை விட்டு எடுக்க எனக்கு மனமில்லை.

குளிர்காலம் வந்தது. அர்பாபும் மகனும் நாயோடு போனார்கள். போய்ச் சேர்ந்ததும் மகன் போன் போட்டான். பின்னால் காற்று ஊளையிட்டது. பனி முட்டளவு கிடக்கிறதாம்.

"கோட்டு போட்டாச்சா?" என்றேன்.

"போட்டிருக்கேன் உம்மா, ரெண்டு."

"ஒன்னக் கேக்கலடா. அதுக்கு."

நான் வாயை மட்டும் பார்க்கப்போய்த்தானே பனியில் நடுங்குகிற குட்டை முடி வந்தது.

"உம்மா, அது வண்டியில ஹீட்டர் பக்கத்துல தூங்குது" என்றான்.

"எறங்கும்போது போட்டு விடு" என்றேன். போனை வைத்த பிறகும் இருப்புக்கொள்ளவில்லை.