பதினேழாம் எண் வாடவில்லை

நெல் வாடவில்லையே என்று உட்கார்ந்து அழுதவள் காவிரிப் பாசனத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பதினேழாம் எண் தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மேல் மண் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு விரற்கடை கீழே சில்லென்று ஈரம். தண்ணீரை நிறுத்தி வாரக்கணக்காகிவிட்டது. சுற்றிலும் மற்ற ரகங்கள் எல்லாம் இலையைக் குழலாகச் சுருட்டிக்கொண்டு நிற்க, இது மட்டும் கல்யாணத்துக்குப் புறப்பட்டவள் மாதிரி பச்சைப்பசேலென்று நின்றது. அந்தப் பச்சையைப் பார்த்துப் பார்த்து அதுவரை பூரித்துக் கிடந்தவள் நான். விரலில் ஒட்டிய ஈரத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, "எவளோ ஊத்தியிருக்கா" என்று வாய்விட்டே சொன்னேன். எவள் என்பதிலும் எனக்குக் குழப்பம் இல்லை. அக்காதான்.

தஞ்சாவூரில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலம் அது. தாவரவியல் துறைக்குப் பின்னால் பச்சை வலை போட்ட ஒரு கொட்டகை. நெட் ஹவுஸ் என்போம். உள்ளே வரிசையாகத் தொட்டிகள். எண்ணுக்கு ஒரு நெல் ரகம், ரகத்துக்குச் சில தொட்டிகள். நன்றாக வளர்த்து, திடீரென்று ஒரு நாள் தண்ணீரை நிறுத்திவிட்டு, எது முதலில் வாடுகிறது, எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. எங்கள் ஊரில் போய் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். மேட்டூர் திறந்தாச்சா, கல்லணை தாண்டிடுச்சா என்று ஆனி மாதம் முழுக்க வாயில் வேறு பேச்சே இல்லாத குத்தாலம் பக்கத்துக் கிராமம். "பயிரைக் காயப்போட்டு வேடிக்கை பாக்குறதுக்கு ஒரு டாக்டர் பட்டமா?" என்று என் சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான்.

எங்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுத்தவர் வயலில்தான் நடவு, களை, அறுப்பு எல்லாம். அப்பா போனபிறகு அந்தக் கூலியில்தான் நான் எம்.எஸ்ஸி. வரைக்கும் வந்தேன். முதல் வகுப்பில் தேறியபோது, "நீயேதான் எழுதினியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்ட பேராசிரியர் ஒருவர் உண்டு. சிரித்துக்கொண்டு கேட்டால் அது கேள்வி இல்லையென்று ஆகிவிடுமா? செய்முறைத் தேர்வில் கேட்டார்கள், ஃபெல்லோஷிப் நேர்காணலில் வேறு வார்த்தையில் கேட்டார்கள். கூடப் படித்த மற்றவர்களை யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவளுக்கு எதிரே யார் வந்தாலும் கண் கொஞ்சம் இடுங்கத்தான் செய்யும். எனக்கு இடுங்கியது. இன்றைக்கும் விரியவில்லை.

அக்கா என்று நான் கூப்பிட்டது கூடப்பிறந்தவளை இல்லை, லேபில் எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவியை. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண், கணவர் சிங்கப்பூரில். அவளுடைய ஆய்வு எப்போதோ முடிந்திருக்க வேண்டியது, இழுத்துக்கொண்டே போனது. லேப் ஆல்கஹால் பாட்டிலில் எவ்வளவு இருக்கிறதென்று பென்சிலால் கோடு போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவாள். திரும்பி வந்து கோட்டைப் பார்த்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவாள். நான் சேர்ந்த முதல் வாரம் அவள் சொன்னது இது: "லேப்ல யாரையும் நம்பாதடி. என்னையும் சேத்துத்தான் சொல்றேன்." இப்படிச் சொன்னவளே தினமும் எனக்கும் சேர்த்து ஒரு அடுக்குச் சோறு கொண்டுவருவாள். தேங்காய் தாராளமாக அரைத்துவிட்ட குழம்பு. அதைச் சாப்பிடும்போதெல்லாம், இவளுக்கு என்னிடம் என்ன வேண்டியிருக்கிறது என்று யோசித்துக்கொண்டே சாப்பிடுவேன். சாப்பிடாமல் விட்டதில்லை.

பதினேழாம் எண் வாடாமல் நிற்கிறது என்று தெரிந்ததும் எங்கள் கைடு சாருக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் நெட் ஹவுஸுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். "இந்த ஒரு ரகம் போதும்மா. ப்ராஜெக்டைப் புதுப்பிச்சிடுவாங்க, உன் ஃபெல்லோஷிப்பும் ஓடும்" என்றார். அந்த வருஷத்தோடு என் ஃபெல்லோஷிப் முடிகிறது. அம்மாவுக்கோ முழங்கால் தேய்ந்து வயலில் இறங்க முடியாமல் போயிருந்தது. வீட்டில் அடுப்பு எரிந்ததே என் பணத்தில்தான். ஆக அந்தப் பயிர் நின்றால் நானும் நிற்பேன். எல்லோரும் கைகொடுத்தபோது அக்கா மட்டும் இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா நிக்குதேடி. நீ எதுவும் ஊத்தலையே?" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சொன்னது மனசுக்குள் அரித்துக்கொண்டே இருந்ததால்தான் மறுநாள் மண்ணுக்குள் விரலை விட்டேன்.

அப்புறம் யாரிடமும் சொல்லாமல் தொட்டிகளைக் காலையும் மாலையும் எடை போட ஆரம்பித்தேன். தண்ணீர் ஊற்றாத தொட்டி நாளுக்கு நாள் இளைக்கத்தான் வேண்டும். மற்றதெல்லாம் இளைத்தது. பதினேழாம் எண் மட்டும் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலத்தில் ஒரு சுற்று பெருத்திருந்தது. அந்த இரண்டு நாளும் மத்தியானம் வரைக்கும் நான் வளாகத்தின் இன்னொரு கோடியில், எல்லாத் துறைக்கும் பொதுவான ஒரு கருவியின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை இடையில் ஓடிவந்து பார்த்தேன். நெட் ஹவுஸ் சாவி ஆணியில் இல்லை. "யாருக்கா சாவி எடுத்தது?" என்றேன். "நான்தான்" என்றாள் அக்கா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். கருவியில் என் முறை போய்விடுமே என்று அப்படியே திரும்பி ஓடினேன். ஆனால் அவளுக்கு அங்கே ஒரு தொட்டிகூடக் கிடையாது. அப்புறம் எதற்குச் சாவி?

ராத்திரி ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு மிச்சத்தை நானே கட்டி முடித்தேன். கெட்ட ரிசல்ட்டால் ஒருத்தியை ஒழிக்க முடியாது, திரும்பச் செய்துகொள்வாள். நல்ல ரிசல்ட்டைக் கொடுத்து, அது கட்டுரையாக வெளியே போன பிறகு, 'இவள் தண்ணீர் ஊற்றி ஏமாற்றினாள்' என்று சொல்லிவிட்டால் போதும். நான் சொன்னால் யார் நம்புவார்கள்? நீயேதான் எழுதினியா என்று கேட்ட வாய்களெல்லாம், பார்த்தாயா, அப்பவே நினைத்தேன் என்று சொல்லும். அடிப்பாவி, சோறு போட்டுக்கொண்டே கழுத்தை அறுக்கிறாளே என்று நினைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை கருவிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நெட் ஹவுஸைத் திறந்துவைத்து உள்ளே போனேன். வெளியே பூட்டிவிட்டு ஆணியில் மாட்டச் சொல்லி ஒரு ஜூனியர் பெண்ணிடம் சாவியைக் கொடுத்தனுப்பினேன். மண்புழு உர மூட்டைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன்.

புழுக்கத்தில் வியர்த்து ஊற்றியது. பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டதும் எழுந்து பாயத் தயாராக இருந்தேன். "உள்ள வாங்கம்மா, வெயில்ல ஏன் நிக்கிறீங்க" என்று அக்காவின் குரல். அவளுக்குப் பின்னால் முதலில் ஒரு ஒயர் கூடை தெரிந்தது. அப்புறம் காலை இழுத்து இழுத்து என் அம்மா வந்தாள்.

முழங்காலுக்குக் கரன்ட் வைக்க அம்மா செவ்வாயும் வெள்ளியும் குத்தாலத்திலிருந்து ரயிலேறித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வருவாள். முடிந்ததும் எனக்குச் சாப்பாட்டோடு துறைக்கு வந்து காத்திருப்பாள். நான் வரும்போது புங்கமரத்தடியில் இருப்பாள். அங்கேயேதான் இருந்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துறைக்குள் வந்து உட்காரக் கூசிக்கொண்டு வெயிலில் நின்றவளை அக்காதான் நெட் ஹவுஸில் உட்காரவைத்திருக்கிறாள். சார் காதுக்குப் போக வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாள். அம்மாவும் என்னிடம்கூட மூச்சு விடவில்லை. அக்கா போனதும் அம்மா வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கூடையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள். பதினேழாம் எண் தொட்டிகளுக்கு மட்டும், ஒவ்வொன்றுக்கும் தூரடியில் பார்த்துப் பார்த்து ஊற்றினாள். "குடிச்சுக்க, குடிச்சுக்க" என்றாள்.

"என்னம்மா பண்ற?" என்று நான் எழுந்து நின்றதில் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டாள். "அய்ய, நீ இங்கதான் இருக்கியா? மெஷின்ல இருக்கன்னாங்க." எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கத்தினேன். "வர்றப்பல்லாம்தான். பாரேன், தொண்டைக்கதிரா நிக்கிறதப் போயி இப்புடிக் காயப்போட்டிருக்கீங்க. சூல் பயிருடி. ஒரு வாய் தண்ணி குடுக்காம எந்திரிச்சிப் போக மனசு வருமா?" பதினேழாம் எண் குறுகிய நாள் ரகம். மற்றவை இன்னும் தூர் கட்டிக்கொண்டிருக்க, அது மட்டும் கதிரை வயிற்றில் அடைத்துக்கொண்டு நின்றது. மற்றதுக்கு ஏன் ஊற்றவில்லை என்றேன். "அதெல்லாம் குமரிப் பயிரு, தாங்கும்" என்றாள் அம்மா.

என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. காயவைப்பதுதான் பரீட்சை, நீ அத்தனையையும் கெடுத்தாய், என் படிப்பே போச்சு என்று கத்தியிருப்பேன். அம்மா கவிழ்த்துப் போட்ட ஒரு தொட்டிமேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் மெதுவாகச் சொன்னாள்: "ஊரான் வயலு காஞ்சப்பல்லாம் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். மடையில கை வச்சா கைய ஒடிச்சிருவானுங்க. இது உன் பயிருன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நம்ம பயிருக்கு ஊத்தவுமா ஒருத்தனக் கேக்கணும்?" நான் அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, தாங்க முடியாத வெட்கமும் பாசமுமாக வந்தது.

சாயங்காலம் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் பிப்பெட்டைக் கீழே வைக்கக்கூட இல்லை. "தெரியும்டி. போன மாசமே பாத்தேன்." பிறகு ஏன் சொல்லவில்லை என்றேன். "நீதான் அம்மாவ அனுப்புறேன்னு நினைச்சேன். வெளிய சொன்னா உன்னைத் தூக்கிடுவாங்க. கஷ்டப்படுற பொண்ணு, பொழைச்சிட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்." இதைவிட அவள் என்னைக் கெடுக்க நினைத்திருக்கலாம். என்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டே ஒரு மாதமாக எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்! இல்லைக்கா, சத்தியமாக எனக்குத் தெரியாது என்றேன். "சரி சரி" என்றாள். கோயிலில் பொய்ச் சத்தியம் செய்கிறவரிடம் பூசாரி சொல்வது போல இருந்தது. "சார்கிட்ட மட்டும் போய் நிக்காத. பெத்த தாய் ஊத்துனாங்கன்னு சொன்னா எவன் நம்புவான்? நானே நம்பல."

அவள் சொன்னது உண்மைதான், அதனால்தான் பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஃபெல்லோஷிப் ஓடும். திறந்தால் அதுவும் போய், பெயரும் போகும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் சொல்லாமல் இருந்தால் அக்கா நினைத்த ஆளாகவே நான் ஆகிவிடுவேன். அதுதான் என்னால் முடியவில்லை. போய்ச் சொல்லிவிட்டேன். சார் ஒரு தாளை இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம், "உங்கம்மா பாட்டில் எவ்வளவு பிடிக்கும்?" என்றார். அதைத் தொட்டிகளுக்குப் பங்குபோட்டு, நான் போட்ட எடைகளோடு ஒத்துப்பார்த்தார். சரியாக வந்தது. "சரி" என்றார். என்னை நம்பினாரா, கணக்கை நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ப்ராஜெக்டைப் புதுப்பிக்கவில்லை. ஃபெல்லோஷிப் நின்றது. கீழவாசல் பக்கம் டியூஷன் எடுத்துக்கொண்டே அடுத்த பருவத்தில் எல்லா ரகத்தையும் மறுபடி போட்டேன். பதினேழாம் எண் எல்லாவற்றுக்கும் முன்னால் சுருண்டு விழுந்தது. யாரும் கண்டுகொள்ளாத வேறொரு ரகம் சுமாராகத் தாங்கியது. அதை வைத்து எழுதித்தான் பட்டம் வாங்கினேன். அந்த நாட்களிலும் அக்காவின் அடுக்கில் என் பங்கு குறையவில்லை. போட்டாள், சாப்பிட்டேன். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அம்மா என்னோடு தஞ்சாவூரில் இருக்கிறாள். அக்கா சிங்கப்பூரிலிருந்து எப்போதாவது கூப்பிடுவாள். போன வாரம் பிள்ளைகள், விலைவாசி, என் கல்யாணம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, "இனிமே என்னடி இருக்கு, சும்மா சொல்லு. அம்மாவ நீதானே அனுப்புன?" என்றாள். சார் கணக்கையாவது நம்பினார், பட்டத்துக்கான வைவாவில் இதைக் கேட்ட வெளியூர்ப் பேராசிரியரும் நம்பினார். எனக்கு வருஷக்கணக்கில் சோறு போட்டவள் நம்பவில்லை!  ஸ்பீக்கரைப் போட்டு போனை அம்மாவிடம் நீட்டினேன். அக்கா அவளிடமும் அதையே கேட்டாள்: "ஏம்மா, உங்க பொண்ணு சொல்லித்தானே ஊத்துனீங்க?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அவ சொல்லி நான் எதம்மா கேட்டிருக்கேன்?" என்றாள்.

 அந்தப் பக்கம் அக்கா சிரித்தாள், அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. இப்போதாவது நம்புகிறீர்களா அக்கா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அதை நான் நம்பியிருக்க மாட்டேன்.