சேமியா போல நெளிந்த புழு

எங்கள் கார் கொட்டகையில் ஒரு தெருநாய் நான்கு குட்டி போட்டது. என் மனைவிக்கு நாய் என்றாலே நடுக்கம். சின்ன வயதில் கடிபட்டு, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவள்.

மூன்று வாரத்தில் குட்டிகள் தள்ளாடி நடக்கத் தொடங்கின. நான்கிற்கும் வயிறு பந்து போல உருண்டிருந்தது. தாய்க்கு நான் தினமும் வைத்த மீன் தலையின் பலன் என்று எனக்குச் சந்தோஷம்.

என் மனைவி அடுக்களை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கன்வாடியில் இருபது வருடமாகப் பிள்ளைகளைக் கவனிக்கிறவள்.

"இஞ்ச பாருங்க. வயிறு மட்டும்தான் பெருத்திருக்கு. முதுகெலும்பு தெரியுது, ரோமத்துல மினுக்கமே இல்ல. இது பால் குடிச்ச வயிறு இல்ல, பூச்சி வயிறு."

"இத்தினிக்கூண்டு குட்டிக்கு அதுக்குள்ள எப்படிப் பூச்சி வரும்?" என்று சிரித்தேன்.

மறுநாள் காலையில், நான்கிலும் சின்னதான கடைசிக் குட்டி வாந்தி எடுத்தது. பாலோடு வெள்ளையாக, சேமியா போல, இரண்டு புழு. ஒன்று இன்னும் நெளிந்தது. எனக்குச் சிரிப்பு போயிற்று. அங்கன்வாடியில் கொடுக்கிற பூச்சி மாத்திரையில் கால் துண்டு கொடுத்தால் என்ன என்று கேட்டேன்.

"பிள்ளையளுக்க மாத்திரைய நாய்க்குக் குடுக்கவா? எடை பாக்காம ஒண்ணும் குடுக்கப்பிடாது. ஆட்டோவ விளிங்க."

அட்டைப்பெட்டியில் என் பழைய கைலியை விரித்து, குட்டிகளை ஒவ்வொன்றாக அவளே தூக்கி வைத்தாள். ஒவ்வொரு முறையும் கை ஒரு தரம் பின்வாங்கியது. ஆனாலும் என்னிடம் விடவில்லை. தாய் பக்கத்தில் நின்று உறுமியபோதும் அவள் நகரவில்லை.

அரசு கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கடைசிக் குட்டியின் உதட்டைத் தூக்கி, இரத்தம் குறைந்து வெளுத்த ஈறைக் காட்டினார். தாயின் வயிற்றில் இருக்கும்போதே பூச்சி வந்துவிடும், பாலிலும் வரும் என்றார். ஒவ்வொன்றையும் எடை போட்டு, அதற்கேற்ற அளவு மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரம் புகட்டினார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொண்டுவரச் சொன்னார். தாய்க்கும் மாத்திரை தந்தார். "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா இந்தச் சின்னது பிழைச்சிருக்காது. யாரு கவனிச்சது?"

"இவதான்" என்றேன். வரிசையில் ஆட்டோடு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்கச் சொல்லிவிட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் குட்டிகளின் மலத்தில் கற்றை கற்றையாகப் புழு வந்தது. மனிதருக்கும் ஒட்டும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்ததால், அவள் உடனுக்குடன் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி வாழைத் தோட்டத்தின் ஓரத்தில் ஆழமாகப் புதைத்தாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். என்னையும் கழுவ வைத்தாள். நான்காம் நாள், சின்னது மற்ற மூன்றையும் முட்டித் தள்ளிவிட்டுப் பால் குடித்தது.

இப்போது இரண்டு குட்டிகள் எங்கள் சர்ச் சபையாரின் வீடுகளில் வளர்கின்றன; மற்ற இரண்டும் எங்களோடுதான். அடுத்த மருந்துக்கான தேதியைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துத்தான் அனுப்பினாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

"போதும், சாயா ஆறுது" என்பாள் அவள். நான் நிறுத்துவதில்லை.