பாவமே இல்லைன்னு சொன்ன மனுஷன்

எங்க வீட்டுக்காரர் பெரிய ஞானி. நான் சொல்லலை, அவரே சொல்லிக்குவார். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா கூட வேலை பார்க்கற ஆளுங்களைக் கூட்டி வெச்சுக்கிட்டு, கறிக்குழம்பு கொதிக்கற வாசனைக்கு நடுவுல பிரசங்கம் ஆரம்பிச்சுடுவார்.

"பாவம்னு ஒண்ணு கெடயாதுபா. மரம் பூக்குது, யாரைக் கேட்டுகினு பூக்குது? மனுஷன் மட்டும் தாலி, சாமி, நாளு, நட்சத்திரம்னு உடம்பைக் கட்டிப் போட்டுகினு அழுவுறான். உடம்பு கேக்கறதைக் குடுத்துடு, அதான் மோட்சம். மேல ஒருத்தனும் கணக்கு எழுதிகினு குந்தினு இல்ல."

வந்தவங்க தலையை ஆட்டுவாங்க. ஏன் ஆட்ட மாட்டாங்க, கறி என் வீட்டுக் கறியாச்சே!

வெறும் பேச்சுன்னா கேட்டுட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இந்த ஆள் பேச்சோட நிக்கலை. பொண்ணு ஸ்கூல் படிக்கறப்போ கேன்டீன்ல வேலை செஞ்ச ஒருத்தியோட இவருக்குப் பழக்கம் வந்துது. எனக்குத் தெரிஞ்சுபோய்க் கேட்டா, மழுப்பக்கூட இல்லை. சேர்ல சாய்ஞ்சு உக்காந்துக்கிட்டு, "ஆமா, கீது. இது இயற்கை. இதுக்கு இன்னாத்துக்கு அழுவுறே?"ன்னார். நான் அழுது, பட்டினி கிடந்து, ஆரணியில எங்க அம்மா வீட்டுக்குப் போய் உக்காந்தேன். அப்புறம் நானே திரும்பி வந்தேன். அந்தப் பழக்கமும் தானா விட்டுப்போச்சு. பிரசங்கம் மட்டும் விடலை.

போன வருஷம் வைகாசியில பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சுது. மாப்பிள்ளை வீடு திருநின்றவூர். ஆடி பொறக்கறதுக்கு முன்னாடியே பொண்ணை எங்க வீட்டுக்கு அழைச்சுட்டு வந்துட்டோம். புதுசா கல்யாணம் ஆனவங்க ஆடியில சேர்ந்திருந்தா சித்திரையில பிள்ளை பொறக்கும், சித்திரைப் பிள்ளை வீட்டுப் பெரியவங்களுக்கு ஆகாதுன்னு ரெண்டு வீட்டுக்கும் ஒரு பயம். ஆனா கூத்தைக் கேளுங்க. ரெண்டு பேருக்கும் வேலை அம்பத்தூர்ல. அவர் திருநின்றவூர்ல ஏறுவார், இவ ஆவடியில ஏறுவா. தினம் ஒரே ரயில், ஒரே பெட்டி. ராத்திரி பிரிச்சு வெச்சா போதும்னு பெரியவங்க நாங்க நெனைச்சுக்கிட்டோம்.

மாப்பிள்ளை வீட்டுல அவரைத் தவிர எல்லாரும் அம்மன் கோயில்ல கூழ் ஊத்தப் போன ஞாயித்துக்கிழமை, பொண்ணு ஃப்ரெண்டு வீட்டுக்குப் போறேன்னு தலை நிறைய பூ வெச்சுக்கிட்டுக் கிளம்பினா. எந்த ஃப்ரெண்டுடின்னு நான் கேக்கலை. சின்னஞ்சிறுசுங்க, போகட்டும்னு விட்டுட்டேன்.

ஆடி முடிஞ்சு பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிட்டா. புரட்டாசியில ஆவடி டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துட்டுத் தேதி சொன்னாங்க. சித்திரை நடுவுல வருது. ஸ்வீட் பாக்ஸோட நானும் பொண்ணும் திருநின்றவூர் போனோம். சம்பந்தியம்மா விரல் விட்டு மாசத்தை எண்ணிப் பார்த்தாங்க, முகம் சுண்டிப்போச்சு. அவங்க வீட்டுக்காரர் அப்பதான் மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வெச்சுக்கிட்டு வீட்டுக்குத் திரும்பியிருந்தார். "இன்னும் நாள் ஆகலையே. கலைச்சுட்டு அப்புறமா பார்த்துக்கலாம்"னு காபி டம்ளரை நீட்டிக்கிட்டே சொன்னாங்க. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கிட்டு நின்னார்.

பொண்ணை என்னோடயே கூட்டிக்கிட்டு வந்துட்டேன். வழியெல்லாம் எனக்கு ஒரு தைரியம் இருந்துது. நம்ம வீட்டுல ஒரு ஞானி இருக்காரே, அந்த வாய் ஒரு நாளாவது உபயோகப்படட்டும்னு. பொண்ணும் அதையேதான் நெனைச்சிருக்கா. வந்ததும் வராததுமா நடந்ததைச் சொல்லி, "அப்பா, எனக்கு இந்தக் குழந்தை வேணும். நீ அவங்ககிட்ட பேசுப்பா"ன்னா.

மனுஷன் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கிட்டார். "ஏம்மா, ஒரு மாசம் அடங்கி இருக்க முடியலயா உன்னால? பெரியவருக்கு எதனா ஆயிடுச்சுன்னா அந்த ஊட்ல நான் எப்டி தலை நிமிந்து நிப்பேன்? அவங்க சொல்றபடி செஞ்சிடலாம்."

பொண்ணு அவரையே பார்த்தா. "உடம்பு கேக்கறது பாவம் இல்லைன்னு நீ சொல்லித்தானேப்பா நான் கேட்டு வளர்ந்தேன்? நான் என் புருஷன்கிட்டதானே போனேன்?"

"அது ஆம்பளைங்க குந்தினு பேசறதுமா."

"வாயை மூடுய்யா!"ன்னு கத்தினேன். கல்யாணம் ஆனதுல இருந்து அவரை நான் அப்படிப் பேசினதே இல்லை. சம்பந்தியம்மாவுக்கு நானே போன் போட்டேன். "உங்க பயம் எனக்கும் இருக்குங்க. ஆனா ஒரு உசுரை அழிச்சுட்டு நான் எந்த அம்மன் முன்னாடி போய் நிக்கறது? என் பொண்ணு பெத்துக்குவா. உங்க கண்ணுல படக்கூடாதுன்னா குழந்தை எங்ககிட்டயே வளரட்டும்"னேன். அவங்க டொக்குன்னு போனை வெச்சுட்டாங்க.

இப்போ பங்குனி. பொண்ணு எங்ககூடத்தான் இருக்கா. வளைகாப்புக்கு அந்த வீட்டுல இருந்து யாரும் வரலை. மாப்பிள்ளை மட்டும் வேலை விட்டுப் போறப்போ ஆவடியில இறங்கி, பார்த்துட்டு அடுத்த வண்டி பிடிக்கறார். எனக்கானா போன் அடிச்சாலே திக்குன்னுது. அந்தப் பெரியவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பொறக்காத பிள்ளை தலையில இல்லே பழி விழும்? வாய்க்கு வந்தபடி தைரியமா பேசிட்டேன், உள்ளுக்குள்ள நடுங்கிக்கிட்டுக் கிடக்கேன்.

போன வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குக் கிளம்பறப்போ இவர் சட்டையை மாட்டிக்கிட்டு வந்து நின்னார். நானும் வரேன்னார். கோயில் வாசலை மிதிக்காத ஆளு! அங்கே போனா, கண்ணை இறுக்க மூடிக்கிட்டுக் கன்னத்துல போட்டுக்கறார். உதடு முணுமுணுக்குது. பக்கத்துல நின்ன எனக்குக் காதுல விழுந்துது.

"நான் செஞ்ச பாவத்துக்கு என்னைக் கேளு தாயி. என் பொண்ணை விட்டுடு."

பெத்த பொண்ணுக்காக அழுவுறார், எனக்கும் மனசு இளகத்தான் செஞ்சுது. பூசாரி குங்குமத் தட்டை நீட்டினார். எடுக்கக் கை வரலை. அன்னிக்கு அம்மா வீட்டுல இருந்து நான் திரும்பி வந்தேனே, எதை நெனைச்சு வந்தேன்? பாவியோட வாழப் போகலை, தான் நம்பறதைச் செய்யற ஒருத்தரோட வாழப் போறேன்னு என் மனசுக்கு நானே சொல்லிக்கிட்டுத்தான் ஆரணியில பஸ் ஏறினேன். அப்போ, அன்னிக்கே அது பாவம்னு தெரிஞ்சேதான் இந்த மனுஷன் செஞ்சிருக்கார்.