பேசக்கூடாத காலை

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் எதிர்த்தரப்புக்கு வேலை மிச்சம். யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் வாயை விற்றுச் சாப்பிட்டவனுக்கு, மெல்பேணில் இரண்டு நிமிடம் அதை மூடிக்கொண்டு நிற்கத் தெரியவில்லை.

அங்கே சட்டத்தரணி, இங்கே வெறும் ஆள். என் பழைய படிப்பை நிறுத்துப் பார்த்து, குறைந்ததைப் படிக்கச் சொன்னார்கள். டண்டினோங் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டே படித்து முடித்தேன். கடைசிப் படி ஒன்றுதான். உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன்னால் இங்கத்தைய சட்டத்தரணி ஒருவர் எழும்பி, 'இவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்கவேண்டும். அவர்கள் மறுத்தால் திரும்பவும் பெட்டிதான்.

எனக்காகக் கேட்க வந்தவர் என் பழைய ஜூனியர். எனக்கு முன்பே இங்கே வந்து பெரிய ஆளாகிவிட்டார். யாழ்ப்பாணத்தில் அவர் எழும்பினால் கவுனைப் பிடித்து இழுத்து, "இரும் பிள்ளை, நான் பேசுறன்" என்பேன்.

அன்று எங்கள் நோபல் பார்க் ஸ்டேசனில் ரயில் ஏறும்போதே பயம் பிடித்துக்கொண்டது. எத்தனை கள்வர்களுக்கு "பயப்படாதையும்" என்று சொல்லியிருப்பேன்! ஒருவனும் ஏன் நம்பவில்லை என்று அன்றுதான் விளங்கியது. ஒருமுறை ரயிலில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டதையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதிக் கொடுத்திருந்தேன். அதைச் சபையில் உரத்து வாசிப்பார்களோ என்று வழியெல்லாம் யோசித்தேன்.

வாசலில் ஜூனியர் சொன்னார்: "சேர், பேரைக் கூப்பிட்டா எழும்புங்கோ. தலையைக் குனியுங்கோ. வாய் திறக்காதேங்கோ."

"நான் என்ன குழந்தைப்பிள்ளையே?"

"குழந்தை எண்டால் எனக்குப் பயமில்லை, சேர்."

பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பினேன். நடுவிலிருந்த நீதிபதி கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நீதிபதி பார்த்தால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அது பழகிய வாய்.

"மே இற் பிளீஸ் யுவர் லோட்ஷிப்…"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. இங்கே நீதிபதியை லோட்ஷிப் என்று யாரும் கூப்பிடுவதில்லை. அதைவிட, அந்த இடத்தில் பேச எனக்கு உரிமையே இல்லை. அந்த உரிமையைக் கேட்கத்தானே வந்திருந்தேன்! பின்வரிசையில் மனைவி கண்ணை மூடியதைக் கண்டேன்.

என் கோட்டை யாரோ கீழே இழுத்தார்கள். "பேசாமல் நில்லுங்கோ சேர், நான் பேசுறன்."

ஜூனியர் பேசினார். நீதிபதி கையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். டிக்கெட்தான், முடிந்தது கதை என்று நினைத்தேன். பிறகு சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார்.

அன்று சேர்க்கப்பட்ட எல்லோரும் ஒன்றாகச் சத்தியப்பிரமாணம் சொல்லும் நேரம் வந்தது. வாய் திறக்கவேண்டிய அந்த ஒரே நேரத்தில் எனக்குக் குரல் வரவில்லை. பக்கத்துப் பெண் திரும்பிப் பார்க்கும்வரை காற்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரியை மட்டும் எப்படியோ கத்திவிட்டேன்.

வெளியே வந்தோம். இழுபட்ட கோட்டைச் சரிசெய்துகொண்டு ஜூனியரைக் கேட்டேன்: "இனி நானும் கோர்ட்டில எழும்பிப் பேசலாம்தானே?"

"அதுக்குத் தனி லைசென்ஸ் எடுக்கவேணும். அது வரட்டும், சேர்."