நைனா காணாமல்போன பதினேழு நாட்கள்

அம்மா இறந்தது பொங்கல் முடிந்த மறுவாரம். சித்தூரில் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்த நைனா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உங்கம்மா எங்கேம்மா? ஆளுங்க வந்துக்கினு இருக்காங்க, காபி போட வேணாமா?"

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அப்போது எழுபத்தாறு வயது. முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். பெரும்பாலும் சித்தூர்–திருப்பதி வண்டிதான். இரண்டு வருஷமாக ஞாபகம் அவரை விட்டுக் கழன்றுகொண்டிருந்தது. ஆனால் அம்மா இருந்தவரை அது எங்களுக்கே சரியாகத் தெரியவில்லை. வந்திருப்பது யார், இது எந்த மாத்திரை, இன்றைக்கு என்ன கிழமை என்று அம்மா பக்கத்தில் நின்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருப்பார். நைனாவும் தனக்கே தெரிந்ததுபோல் பேசிவிடுவார். அம்மா போன பிறகுதான் அவர் எவ்வளவு தூரம் போய்விட்டார் என்பது புரிந்தது.

அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான் எப்போதும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, மாதத்தில் ஒரு நாள் அம்மா நைனாவின் வண்டியிலேயே திருப்பதிக்குப் போவார். அங்கே சித்தி வீடு. டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சன்னலோர சீட்டு அம்மாவுடையது. சந்திரகிரி வரும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். டிரைவரிடம் பேசக் கூடாது என்று எழுதியிருக்கிறதே என்பார் அம்மா. சந்திரகிரியில் வண்டி நின்றதும் கொய்யாப்பழம் வாங்கி, பாதியை உப்புமிளகாய் தடவி முன்னால் நீட்டுவார். நைனா திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கிக்கொள்வார். நானும் தம்பியும் அம்மாவின் மடியில் நெருக்கியடித்துக்கொண்டு அதைப் பார்த்துச் சிரிப்போம். அந்தப் பயணங்களை நினைத்தால் இப்போதும் டீசல் வாசனையும் கொய்யா வாசனையும் சேர்ந்தே வருகின்றன.

அம்மா போன பிறகு நானும் என் கணவரும் நைனாவோடு வந்து தங்கினோம். பிள்ளைகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் பள்ளிக்கூட ஆசிரியை. முதல் சில வாரங்கள், அவர் அம்மாவைக் கேட்டபோதெல்லாம் உண்மையையே சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் செய்தி. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுவார். அரைமணி நேரத்தில் மறந்துவிட்டுத் திரும்பவும் கேட்பார். ஒரே நாளில் மூன்று முறை அவர் அழுததைப் பார்த்தபின் என்னால் முடியவில்லை.

"அம்மா திருப்பதிக்குப் போயிருக்காங்க நைனா. சித்தி வூட்டுக்கு. சாயங்காலம் வந்துடுவாங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "காலைல வண்டில போனாளா? அப்ப அஞ்சு மணிக்கு வந்துடுவா."

அதற்குப் பிறகு அதையே சொல்லத் தொடங்கினேன். ஐந்து மணிக்கு வாசல் கேட்டருகே போய் நிற்பார். கொஞ்ச நேரத்தில் எதற்காக நிற்கிறோம் என்பது மறந்துவிடும். காபி குடிக்க வந்துவிடுவார். நான் செய்தது நல்லதென்றே நம்பினேன்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். என் கணவர் குளித்துவிட்டு வருவதற்குள் நைனா கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டார். அவர் போன் செய்ததும் நானும் ஓடிவந்தேன். தெருத்தெருவாகத் தேடிவிட்டு பஸ் நிலையத்துக்கு ஓடினோம். அங்கே நைனாவை அடையாளம் தெரிந்த பழைய கண்டக்டர் ஒருவர் இருந்தார்.

"திருப்பதி வண்டி ஏறினாரு மேடம். என்னண்ண இந்த வயசுல தனியான்னு கேட்டேன். வூட்டுக்காரம்மா சாயங்காலம் வராம ரொம்ப நாளாச்சு, நானே போய்க் கூட்டிக்கினு வந்துடறேன்னாரு."

எதையுமே நினைவில் வைத்துக்கொள்ளாத மனிதர் என் பொய்யை மட்டும் நினைவில் வைத்திருந்தார்.

அன்றைக்கே திருப்பதி போனோம். பெங்களூரிலிருந்து தம்பியும் வந்து சேர்ந்தான். போலீசில் எழுதிக் கொடுத்தோம். பஸ் நிலையம், ரயில் நிலையம், சித்தி வீடு இருந்த பழைய தெரு என்று நடந்தோம். சித்தி இறந்து பல வருஷமாகி, அந்த இடத்தில் லாட்ஜ் நின்றது. ஆஸ்பத்திரிகளில் வார்டு வார்டாகப் பார்த்தோம். ஓர் இடத்தில் என்னை வெளியே நிறுத்திவிட்டுத் தம்பி மட்டும் உள்ளே போனான். திரும்பி வந்தவன் "இல்லக்கா" என்றான். இரண்டு பேரும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் மலைக்கே போனோம். சின்ன வயதிலிருந்து திருப்பதிக்குப் போகும்போதெல்லாம் அந்த மலையைக் கீழிருந்தே பார்த்தவள் நான். மேலே போனது அதுதான் முதல் தடவை. மொட்டையடித்த தலைகளும் சந்தனமுமாக ஆயிரக்கணக்கான பேர். வெள்ளைச் சட்டை போட்ட கிழவர்கள் எங்கு திரும்பினாலும் இருந்தார்கள். ஒவ்வொரு முதுகையும் பார்த்து ஓடினேன். காணாமல்போனவர்களைப் பற்றி மைக்கில் அறிவிக்கும் இடத்தில் இருந்தவர் தெலுங்கில் விவரம் கேட்டு எழுதிக்கொண்டார். நான் தமிழ் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினார்.

"தரிசனம் ஆச்சாம்மா?"

"நாங்க கிறிஸ்டியன்ஸ் சார்."

"அதனால என்னம்மா, காணாம போனது அப்பாதானே. ரெண்டு பாஷையிலயும் சொல்றேன். மணிக்கொரு தடவ சொல்றேன். நீங்க போய் அந்த நிழல்ல உக்காருங்க."

சொன்னபடியே செய்தார். சாயங்காலம்வரை நைனாவின் பெயர் அந்த மலைமேல் ஒலித்துக்கொண்டே இருந்தது. யாரும் வரவில்லை.

பள்ளிக்கு விடுப்பு போட்டுவிட்டு நாள்தோறும் திருப்பதிக்கும் சித்தூருக்குமாக அலைந்தோம். சபை ஆட்கள் நைனாவின் போட்டோவை அவரவர் ஜெபக் குழுக்களுக்கு அனுப்பினார்கள். அது ஊர் ஊராகப் போனது. போதகர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். கிடைத்துவிடுவார் என்று அவர் சொல்லாததற்காக நான் மனதுக்குள் நன்றி சொன்னேன். ஆனால் எனக்கு ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் "சாயங்காலம் வந்துடுவாங்க" என்ற என் குரல்தான் கேட்டது. இது எனக்குக் கிடைத்த தண்டனை என்று ஒரு எண்ணம் உள்ளே குடியேறிவிட்டது. அம்மாவுக்காக அழுது முடிப்பதற்குள் நைனாவுக்காக அழுவதா, அழாமல் இருப்பதா என்பதே தெரியவில்லை. அழுதால் அவர் செத்துவிட்டதாக ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். பெரிய வெள்ளியன்று எல்லாரும் ஆலயத்துக்குள் மூன்று மணிநேரம் இருந்தார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் வீட்டில் இருக்க முடியாமல் ஆலயத்துக்குப் போனேன். அங்கே ஆலயத்தைச் சுத்தம் செய்யும் பெண் தனியாகப் பெஞ்சுகளை ஓரமாக இழுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஈஸ்டருக்காகத் தரையைக் கழுவ வேண்டும். என் வயதுதான் அவளுக்கும். அவள் புருஷன் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனவன். ஏழு வருஷமாக ஒரு தகவலும் இல்லை. ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். நானும் பரிதாபத்தோடு விசாரித்துவிட்டு நகர்ந்தவள்தான்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் ஒரு வாளி தண்ணீர் எடுத்தேன். வேண்டாமென்று அவள் தடுக்கவில்லை. பாதி ஆலயம் கழுவியானதும் கேட்டேன்.

"நீ இன்னமும் அவரை எதிர்பார்த்துக்கினுதான் இருக்கியா?"

"ஆமா டீச்சர்."

"வரலன்னா?"

துடைப்பத்தை நிறுத்தாமலே பதில் சொன்னாள். "எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும். உசுரோட இருந்தாலும் அவர் கையிலதான், இல்லன்னாலும் அவர் கையிலதான். அது ஒண்ண வெச்சிக்கினுதான் காலைல எழுந்து சோறாக்கறேன். மத்ததெல்லாம் எனக்கும் புரியல."

கொஞ்சம் கழித்து அவளே சொன்னாள். "நேத்து ஆராதன இருந்துச்சு, நாளைக்கும் இருக்குது. இன்னிக்கு மட்டும் எதுவும் கிடையாது பாருங்க. இன்னிக்குக் கழுவற வேலதான். எனக்கு இந்தச் சனிக்கிழமதான் டீச்சர் ரொம்பப் பிடிக்கும். என் நாளு மாதிரி இருக்கும்."

நான் சபைப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளியில் இருபது வருஷம் பாடம் நடத்தியவள். வெள்ளிக்கிழமைச் சிலுவையைச் சொல்லிவிட்டு நேராக ஞாயிற்றுக்கிழமைக் கல்லறைக்குத் தாவிவிடுவேன். நடுவில் ஒரு முழு நாள் இருந்ததை யோசித்ததே இல்லை. ஞாயிறு விடியலில் கல்லறைக்குப் போன அந்தப் பெண்களுக்கு அன்று எதுவும் தெரியாது. அழுதிருப்பார்கள், வீட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள், விடிந்தால் என்னவென்று தெரியாமலே படுத்திருப்பார்கள். அவர்கள் ஒன்றும் அறியாமல் கிடந்த அந்த நாளிலும் கர்த்தர் அவர்களை விட்டு எங்கும் போயிருக்கவில்லை. ஈரத் தரையில் நின்றபடி இதை நினைத்தபோது, பன்னிரண்டு நாட்களாக வராத அழுகை வந்தது. அம்மாவுக்காகவும் நைனாவுக்காகவும் வாய்விட்டு அழுதேன். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஒரே ஒரு ஜெபம் செய்தேன். நைனா எங்கே இருந்தாலும் அவருக்கு யாராவது ஒரு வாய் சோறு போடட்டும் என்று.

அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் அழுது முடித்ததும், "அந்த மூலையில இன்னும் தண்ணி நிக்குது டீச்சர்" என்றாள். இரண்டு பேருமாகத் தள்ளிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குள் உட்கார்ந்து பாடினேன். நைனா கிடைத்துவிடவில்லை. ஆனால் அவர் கிடைத்தால்தான் என் கர்த்தர் நல்லவர் என்ற கணக்கை அந்தத் தரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

வியாழக்கிழமை, அதாவது பதினேழாம் நாள், காலையில் போன் வந்தது. புதிய நம்பர். ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"மேடம், நான் ஸ்ரீசிட்டில ஒரு கம்பெனில வேலை செய்றேன். சத்தியவேட்டுல எங்க ஜெபக் குழுவுல உங்கப்பா போட்டோ வந்துது. கம்பெனி பஸ்ல அதைப் பாத்துக்கினு வந்தேன். பக்கத்து சீட் அக்கா, ஐயோ இவரு எங்க வூட்லதான இருக்காருன்றாங்க. இருங்க, அவங்ககிட்டயே குடுக்கறேன்."

அந்த அக்காவுடையது வடமாலபேட்டை பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். பரம்பரையாக அங்கேயே இருக்கும் தமிழர்கள். திருப்பதியிலிருந்து எப்படியோ சென்னை ரோட்டில் நடந்து வந்த நைனா, மூன்றாம் நாள் அவர்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். வீட்டுப் பெரியவர் விசாரித்ததும் தமிழில் பேசியிருக்கிறார். ஊர் எதுவென்று கேட்டதற்கு, தான் சிறுவயதில் விட்டு வந்த கிராமத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் போய் இறங்கியபோது அந்தப் பெரியவர் கைகூப்பினார். "ஊர் பேரு கரெக்டா சொன்னாரும்மா. ஆளு அனுப்பிப் பாத்தோம். அந்தப் பேர்ல யாரும் இல்லன்னுட்டாங்க. சரி, தேடிக்கினு யாராவது வராமலா போயிடுவாங்கன்னு எங்ககூடவே வெச்சிக்கினோம். நல்லா துன்னாரு, நல்லா தூங்கினாரு."

மூன்றாம் நாள் என்று அவர் சொன்னபோது மனம் கணக்குப் போட்டது. நான் மலைமேல் உட்கார்ந்து அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருந்த அதே நாள்.

நைனா வீட்டுக்குப் பின்னால் இருந்தார். ஈரத் துணியோடு அவர்களுடைய டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றுமே நடக்காததுபோல், "வாம்மா. உங்கம்மா வரலியா?" என்றார்.

இந்த முறை அவர் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். "அம்மா கர்த்தர்கிட்ட போயிட்டாங்க நைனா. நாமளும் ஒருநாள் அங்க போவோம். அங்க பாக்கலாம்."

அவர் அழுவார் என்று காத்திருந்தேன். அவர் யோசித்தார். "நேர் வண்டி இருக்குதா, மாறணுமா?"

தம்பி சிரித்துவிட்டான். எனக்குக் கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நேர் வண்டிதான் நைனா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் கேட்டபோதெல்லாம் அதையேதான் சொன்னேன். சில நாள் அழுதார், சில நாள் தலையாட்டினார். அழுத நாட்களில் நானும் கூட உட்கார்ந்து அழுதேன். இப்போது நினைத்தால் அந்த நாட்களுக்காக ஏங்குகிறேன். ஒன்றரை வருஷம் எங்களோடு இருந்தார். கடைசியில் என் பெயரும் அவருக்கு மறந்துபோனது. ஆனாலும் நான் ஊட்டினால் மட்டும் சாப்பிட்டார். ஒரு மழைநாள் பிற்பகலில், தூங்கிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். ஆலயத்தைச் சுத்தம் செய்யும் அந்தப் பெண்தான் முதலில் ஓடிவந்து என் அருகில் உட்கார்ந்தாள். அவள் புருஷனைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. அதற்கு என்னிடம் விளக்கமும் இல்லை. அவளோடு உட்கார்ந்திருக்க மட்டும் தெரிந்துகொண்டேன்.

அடக்கத்துக்கு வடமாலபேட்டையிலிருந்து பெரியவரும், பஸ்ஸில் போட்டோவை அடையாளம் கண்ட அவர் மருமகளும் வந்திருந்தார்கள். பெரியவர் தானும் ஒரு பிடி மண் போடலாமா என்று போதகரிடம் கேட்டுவிட்டுப் போட்டார். கிளம்பும்போது என்னிடம் சொன்னார்.

"எங்க வூட்ல அவரு இருந்தப்ப, சாப்பாடு வெச்சதும் கைய வைக்க மாட்டாரும்மா. கண்ண மூடிக்கினு என்னமோ சொல்லுவாரு. கடைசியா உங்கம்மா பேரச் சொல்லி, அவ துன்னாளா பாத்துக்கோ சாமின்னு சொல்லிட்டுத்தான் துன்னுவாரு. பேத்திங்க பாத்துக்கினே இருக்கும். இப்பவும் எங்க வூட்ல தட்டு வெச்சதும் புள்ளைங்க ஒரு நிமிசம் கண்ண மூடுதுங்க. எதுக்குன்னு அதுங்களுக்குத் தெரியாது. தாத்தா மாதிரின்னு சொல்லுதுங்க."